எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பழம், சின்னச் சட்டை, ஒரு பாக்கெட் டயப்பர், கூடவே நாலு யோசனை. நாக்கில் தேன் தடவு, தொப்புளில் எண்ணெய் விடு, கிரைப் வாட்டர் கொடு, மூணு மாசம் வாசலைத் தாண்டாதே. புதிதாக அம்மா ஆனவள் "டாக்டர் வேண்டாம்னு சொன்னாங்களே" என்று மெல்ல இழுத்தால் உடனே பதில் வரும்: "நாங்க எல்லாம் இப்படித்தான் வளர்த்தோம். எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!"

இதற்கு மறுபேச்சு பேச முடியாது. ஏனென்றால் அப்படி வளர்ந்த பிள்ளை கல்லு மாதிரி எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். சில வீடுகளில் அந்தப் பிள்ளைதான் அவளுடைய புருஷன்.

நான் இங்கே பார்க்கப் போவது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான். பழசெல்லாம் தப்பு, டாக்டர் சொல்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. டாக்டர்கள் தப்பாகச் சொல்லி ஆயிரக்கணக்கான குழந்தைகள் போன கதையும் கீழே வருகிறது. "ஒண்ணும் ஆகல" என்பதும் ஒரு சாட்சியம்தான். அந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? இதற்குக் கணக்கு இருக்கிறது, அது ரொம்பச் சின்னக் கணக்கு.

பூஜ்யத்துக்கு எவ்வளவு மதிப்பு?

எங்கள் தொழிலில் ஒரு பழைய தலைவலி உண்டு. ஒரு புரோகிராமைப் பத்து தடவை ஓட்டிப் பார்ப்போம், பத்து தடவையும் ஒழுங்காக ஓடும். சரி என்று வாடிக்கையாளரிடம் கொடுத்தால் மூன்றாம் நாள் படுத்துவிடும். ஆயிரம் தடவைக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழை அது. பத்து தடவை ஓட்டினால் அது கண்ணில் படாமல் தப்ப 99 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆக, அந்தப் பத்து தடவை சோதனை கிட்டத்தட்ட எதையுமே சொல்லவில்லை.

1983-ல் ஹான்லி, லிப்மன்-ஹேண்ட் என்ற இருவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். எதுவும் தப்பாகப் போகவில்லை என்றால் எல்லாம் சரி என்று ஆகிவிடுமா என்பதுதான் அதன் தலைப்பு! அவர்கள் பரப்பிய சூத்திரத்துக்குப் பெயர் 'மூன்றின் விதி'. ஒரு காரியத்தை n தடவை செய்து, ஒரு தடவைகூட விபரீதம் நடக்கவில்லை என்று வையுங்கள். அந்த விபரீதம் நடக்கும் வாய்ப்பு பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அது அதிகபட்சம் 3/n வரை இருக்கலாம் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும்.

மூன்று எங்கிருந்து வந்தது? விபரீதத்தின் வாய்ப்பு p என்றால், n தடவையும் அது நடக்காமல் தப்பிக்கும் வாய்ப்பு (1−p)-ஐ n தடவை பெருக்கினால் கிடைக்கும். அது 0.05-க்குச் சமமாகும் இடத்தில் p எவ்வளவு என்று பாருங்கள். 0.05-ன் இயல் மடக்கை −2.9957. அதைத்தான் மூன்று என்று சுருக்கிக்கொண்டார்கள். (சின்ன எண்களுக்கு இந்தச் சுருக்குவழி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பத்துக்குப் போட்டால் 30 சதவீதம் வரும். துல்லியமான விடை 26.)

இப்போது எங்க அப்பத்தாவை எடுத்துக்கொள்வோம். பத்துப் பிள்ளை பெற்றார், பத்தும் வீட்டில், பத்தும் நல்லபடியாக. "வீட்டுப் பிரசவத்துல ஒரு ஆபத்தும் இல்லை" என்று அவர் சொன்னால், அவருடைய பத்துப் பிரசவம் சொல்வது இவ்வளவுதான்: ஆபத்து 26 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு. நாலில் ஒன்று! ஆயிரத்தில் ஒன்றான ஆபத்தை இல்லை என்று சொல்ல, ஒருவர் மூவாயிரம் குழந்தைகளை வளர்த்திருக்க வேண்டும்.

பாட்டி ஆன பாட்டிகள்

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அது கணக்கைவிடக் கொடுமையானது.

இங்கிலாந்தில் பிரசவ மரணங்களுக்கு நெடுங்காலப் பதிவு இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை, ஆயிரம் பிரசவத்துக்கு நாலைந்து தாய்மார் இறந்துகொண்டே இருந்தார்கள். அதன் பிறகு சல்பா மருந்துகள், ரத்தம் ஏற்றும் வசதி, பெனிசிலின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர, எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் 200-ல் ஒன்று. நம்ம பக்கத்துக் கிராமங்களில் அப்போது அதைவிட நல்ல நிலைமை இருந்திருக்க வழியில்லை.

200-ல் ஒன்று என்றால், பத்துப் பிள்ளை பெறும் பெண் பத்தையும் தாண்டி உயிரோடிருக்க வாய்ப்பு 95 சதவீதம். இருபது பெண்களில் பத்தொன்பது பேர் பிழைத்துவிடுவார்கள். அந்தப் பத்தொன்பது பேரும் பிற்பாடு பாட்டி ஆகி, வெற்றிலையை மடித்துக்கொண்டே "நாங்க எல்லாம் வீட்டுலதான் பெத்தோம்" என்பார்கள், பொய் சொல்ல மாட்டார்கள். இருபதாவது பெண் பாட்டி ஆகவே இல்லை. அவள் யோசனையைக் கேட்க இன்றைக்கு ஆளில்லை.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடும்பத்து வம்சாவளியை ஒரு கோப்பாகத் தொகுக்க ஆரம்பித்தேன். எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். இரண்டாவது மனைவியின் பெயர், ஊர், அவர் போட்டிருந்த பாம்படம் வரைக்கும் சொல்ல ஆள் இருக்கிறது. முதல் மனைவியைக் கேட்டால் "மூத்த தாரம் தலைச்சன் பேறுகாலத்துல போயிருச்சு" என்பதோடு முடிந்தது. பெயர் யாருக்கும் நினைவில்லை. உங்கள் வீட்டு வம்சாவளியை மூணு தலைமுறை பின்னோக்கிப் பாருங்கள், இப்படி ஒரு 'மூத்த தாரம்' அநேகமாக இருப்பார். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம்ம ஊர்க்காரர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

2018-20-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள் (மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு). அந்தப் பழைய இங்கிலாந்துக் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்து போனதால்தான் ஆபத்து என்பதே கற்பனை மாதிரி தோன்ற ஆரம்பித்திருக்கிறது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அப்படிப் பிரசவம் நல்லபடியாக நடந்ததுதான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று அப்போது செய்தி வந்தது. அந்த முதல் வீட்டில் நடந்தது நிஜம்தான். ஆனால் அது ஒரே ஒரு பிரசவம்.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கர்ப்பம் முழுக்க எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்த பெண்ணுக்கும் வரும். கர்ப்பப்பை சுருங்கவில்லை என்றால் சில நிமிடங்களுக்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். ஆக்சிடோசின் ஊசி, அதற்கு மேல் ரத்தம், அதற்கு மேல் தியேட்டர். இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் ஆஸ்பத்திரி.

டாக்டர்களுக்கும் அதே கணக்கு

டாக்டர்கள் நிறையக் குழந்தைகளைப் பார்க்கிறார்களே, அவர்களுக்குத் தெரிந்திருக்காதா? எப்போதும் அப்படி இல்லை.

பெஞ்சமின் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946-ல் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. இரண்டு தலைமுறை அமெரிக்கத் தாய்மாருக்கு அதுதான் வீட்டுப் பாட்டி. 1950-களின் நடுவில் வந்த பதிப்பிலிருந்து அதில் ஒரு யோசனை சேர்ந்தது: குழந்தையைக் குப்புறப் படுக்கப் போடுங்கள். காரணமும் நியாயமாகவே இருந்தது. மல்லாந்து படுத்த குழந்தை கக்கினால் புரையேறிவிடுமே? கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். (உண்மையில் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடுகிறது.)

ராத்திரி தூங்கப் போட்ட ஆரோக்கியமான குழந்தை காலையில் உயிரில்லாமல் கிடப்பதற்குத் தொட்டில் மரணம் என்று பெயர். 1990 வாக்கில் அமெரிக்காவில் அது ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இப்போது மூன்றின் விதியை இங்கே போடுங்கள். நாலு பிள்ளை வளர்த்த அம்மாவின் கண்ணில் இது பட வாய்ப்பே இல்லை. வருஷத்துக்கு நூறு புதுக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டருக்குக்கூட ஏழெட்டு வருஷத்துக்கு ஒன்று. அந்த ஒன்றையும் 'விதி' என்றுதான் எடுத்துக்கொள்வார், எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றாது.

2005-ல் கில்பர்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பழைய ஆய்வுகளை எல்லாம் தோண்டி எடுத்து வரிசையாக வைத்தார்கள். 1970-லேயே, அன்று வரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்திருந்தால், குப்புறப் படுக்கும் குழந்தைக்கு ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தெரிந்திருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மல்லாந்து படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும்தான் ஆரம்பித்தது. இடைப்பட்ட இருபது வருஷத்தில் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளைச் சேர்த்தால் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். பிரசாரம் ஆரம்பித்ததும் மரணங்கள் சில வருஷங்களிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இதில் நான் அடிக்கடி யோசிக்கும் ஒரு விஷயம் ஹாங்காங். 1985-ல் டேவிஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார்: ஹாங்காங்கில் தொட்டில் மரணம் அபூர்வமாக இருக்கிறது, அங்கே சீனத் தாய்மார் வழக்கமாகக் குழந்தையை மல்லாந்துதான் போடுகிறார்கள். நம்ம ஊரிலும் வழக்கம் அதுதானே. குழந்தை தானாகக் குப்புற விழும் நாளைத் தெருவெல்லாம் சொல்லிக் கொண்டாடுகிறோம், அதுவரை மல்லாந்து கிடப்பதுதான் அதன் வேலை. ஆக, மெத்தப் படித்த ஸ்பாக் தப்பு, ஹாங்காங் அம்மாக்கள் சரி.

ஆனால் அந்த அம்மாக்களுக்குத் தாங்கள் சரி என்று தெரியுமா? தெரியாது. தெரிய வழியே இல்லை. குப்புறப் போட்ட அமெரிக்க அம்மாவும் "எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்பார், மல்லாந்து போட்ட ஹாங்காங் அம்மாவும் அதே வாக்கியத்தைச் சொல்வார். இருவர் குரலிலும் ஒரே உறுதி இருக்கும். ஆயிரத்தில் ஒன்று, மூவாயிரத்தில் ஒன்று என்ற வித்தியாசம் ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பாரம்பரியம் ஒரு விஷயத்தில் சரியாக இருந்தது என்பதை வைத்து அடுத்த விஷயத்திலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

பிரிட்டனில் அந்தப் பிரசாரத்தை முன்னின்று நடத்தியவர் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர். அதே 1991-ல் தன் கைக்குழந்தையைத் தொட்டில் மரணத்தில் பறிகொடுத்தவர். நியூசிலாந்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வைத்துக் கண்டுபிடித்ததை அங்கேயே போய்த் தெரிந்துகொண்டு வந்து, அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் விடாமல் சொன்னார்.

தேனுக்கு வருவோம். எங்க பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தேனையோ சீனித் தண்ணியையோ தொட்டு நாக்கில் வைத்தால், அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. (எனக்கு வைத்தது எங்க பெரியப்பா. அவருடைய கோபம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.) தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, ஒரு வயதுக்குக் கீழே முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். குழந்தைகளுக்கு இப்படி ஒரு நோய் வருகிறது என்றே 1976-ல்தான் அடையாளம் கண்டார்கள். இது மிக மிக அபூர்வம், அமெரிக்காவில் முழு நாட்டுக்கும் ஆண்டுக்கு நூறு, இருநூறு குழந்தைகளுக்குள்தான். அதிலும் தேனால் வருவது கொஞ்சம்தான். அப்பத்தாவின் அனுபவத்தில் இது எட்டியே பார்த்திருக்காது. ஆனால் சேனையால் குழந்தைக்கு வரும் லாபம் என்று ஒன்றுமில்லை. லாபம் பூஜ்யமாக இருக்கும்போது லட்சத்தில் ஒன்றான நஷ்டமும் அதிகம்தான். அதோடு, பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் போக வேண்டிய வாயில் சீனித் தண்ணி போவது தேனைவிடப் பெரிய நஷ்டம்.

முதல் சிசேரியன்னா, ரெண்டாவதும்...

யோசனைகள் அதிகமாகக் குவியும் இடம் இரண்டாவது பிரசவம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் அடுத்த குழந்தை வரும்போது கேள்வி இதுதான்: சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா? பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில்: "முதல் சிசேரியன்னா ரெண்டாவதும் சிசேரியன்தான். வலி எடுத்தா பழைய தையல் பிரிஞ்சுடும்."

இந்த வாக்கியத்துக்கு வயசு நூறைத் தாண்டிவிட்டது. 1916-ல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர் எழுதியது. அவர் சொல்ல வந்தது வேறு: தேவையில்லாமல் முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள், செய்தால் அந்தப் பெண்ணை ஆயுளுக்கும் கட்டிப்போடுகிறீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரித்தார். இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்றும் சொன்னார். அப்போது கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெட்டுக்குத்தாகக் கீறுவார்கள். பிரசவ வலியில் பலமாகச் சுருங்குவது அந்த மேல்பாகம்தான், தழும்பு பிரிவதற்கு நிஜமாகவே நிறைய வாய்ப்பு இருந்தது. 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கீழ்ப்பாகத்தில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். இன்று ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். கீறும் இடம் மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் மாறவில்லை. கோடை மாற்றிவிட்டு மேலே எழுதிய கமென்ட்டை மாற்றாமல் விட்டது மாதிரி.

சரி, இப்போதைய கணக்கு என்ன? 2004-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த லாண்டன் குழுவின் ஆய்வு முக்கியமானது. அமெரிக்காவின் 19 மருத்துவக் கல்வி நிலையங்களில், முன்பு சிசேரியன் ஆகி, இப்போது வலி எடுக்க விட்டு முயன்ற 17,898 பெண்கள். அவர்களில் 73 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆனது. தழும்பு பிரிந்தது 124 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு ஏழு. நிறை மாதக் குழந்தைகளில் 12 பேருக்கு ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிப்பு வந்தது. முயற்சியே செய்யாமல் நேரடியாக இரண்டாவது சிசேரியனுக்குப் போன 15,801 பேரின் குழந்தைகளில் அந்தப் பாதிப்பு யாருக்கும் இல்லை.

இதை மட்டும் பார்த்தால் சிசேரியனே பத்திரம் என்று தோன்றும். மறுபக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பின்னும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டு, பிரிக்க முடியாமல் போகும் ஆபத்து கூடும். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம், உயிருக்கும் ஆபத்து. சில்வர் குழு 2006-ல் முப்பதாயிரம் சிசேரியன்களை எண்ணியது. முதல் சிசேரியனில் இது 0.24 சதவீதம், இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57, நாலாவதில் 2.1.

இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். இரண்டு பிள்ளையோடு நிறுத்தப் போகிற பெண்ணுக்கு 0.24-க்கும் 0.31-க்கும் பெரிய வித்தியாசமில்லை. அவள் இரண்டாவது சிசேரியனைத் தேர்ந்தெடுத்தால் அது கோழைத்தனமும் இல்லை, ஆஸ்பத்திரிக்காரன் ஏமாற்றியதும் இல்லை. மூணு நாலு பிள்ளை வேண்டும் என்று நினைப்பவளுக்குத் தராசு வேறு பக்கம் சாயும். அக்காவுக்குச் சரியான பதில் தங்கைக்குத் தப்பாக இருக்கலாம், அவர்கள் ஒரே வீட்டில் பிறந்து ஒரே டாக்டரிடம் போனாலும்.

போன வருஷம் எங்க சித்தி பொண்ணு மதுரையிலிருந்து போன் பண்ணினாள். முதல் குழந்தை தலை திரும்பாமல் கால் கீழே இருந்ததால் சிசேரியன். இப்போது இரண்டாவது, நாலு வருஷ இடைவெளி. "அண்ணே, பதினோரு பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒம்பது பேர் திரும்பவும் ஆபரேஷன் பண்ணிக்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேர் நார்மலாவே பெத்திருக்காங்க. யாருக்கும் தையல் பிரியல. நீதான் இதெல்லாம் படிப்பியே, என்ன சொல்ற?"

பதினோரு பேரில் வலி எடுக்கவிட்டு முயன்றதே இரண்டு பேர்தான். பதினோரு பேரும் முயன்றிருந்தாலும், யாருக்கும் பிரியவில்லை என்பது 24 சதவீதம் வரையான ஆபத்தோடு ஒத்துப்போகும். ஆயிரத்துக்கு ஏழு என்பதை இவர்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் மேலே சொன்ன எண்களை அவளுக்குச் சொன்னேன். முதல் சிசேரியனுக்கு என்ன காரணம் என்பது முக்கியம் என்றும் சொன்னேன். வலி வந்து, வழியில் தலை சிக்கியதால் சிசேரியன் ஆனவர்களைவிட, குழந்தை திரும்பாததால் ஆனவர்களுக்கு அடுத்த முறை சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு அதிகம். ஊசி, மாத்திரை போட்டு வலியை வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடும், தானாக வலி வந்தால் குறைவு. ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்த குழந்தை என்றாலும் கூடும். இதையெல்லாம் டாக்டரிடம் பேச வேண்டும், பதினோரு தோழிகளிடம் இல்லை.

அப்ப அந்தப் பதினோரு பேரைக் கேட்டது வீணா? இல்லவே இல்லை.

எதைக் கேட்க வேண்டும்?

ஆயிரத்தில் ஏழை ஒரு வீட்டு அனுபவம் காட்டாது. பத்தில் ஐந்தைக் காட்டும், நன்றாகவே காட்டும். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, சிசேரியன் தையலோடு எப்படி ஒருக்களித்துப் பால் கொடுப்பது, முதல் நாற்பது நாள் தூக்கமே இருக்காது, மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும், அது தானாகப் போகும் என்பதெல்லாம் பெற்றவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடிக்கடி நடப்பதால் பத்துப் பேரைக் கேட்டாலே போதும்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இந்த வகைதான். ஆஸ்பத்திரிகள் பெருகியபோது அந்தத் துணையை வெளியே நிறுத்திவிட்டன. 1980-ல் குவாத்தமாலாவில் ஒரு சின்ன ஆய்வு: மருத்துவப் பயிற்சியே இல்லாத ஒரு பெண் கூடவே உட்கார்ந்து, கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்தால் போதும், வலி நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. 2017-ல் 26 ஆய்வுகள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி நேரம் குறைந்த அளவு அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் கூடவே துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் நாலில் ஒரு பங்கு குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் ஒருவரை அனுமதிக்கும்படி மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது, தமிழ்நாட்டில் அதற்கு முன்பே அந்த ஏற்பாடு உண்டு. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பலருக்கு இன்னும் தெரியவில்லை. தனியாரில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி.

அந்த 'ஒவ்வொரு இடத்தில்' என்பதைத்தான் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1996-ல் முன்பு சிசேரியன் ஆனவர்களில் 28 சதவீதம் பேர் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற்றார்கள். பத்து வருஷத்துக்குள் அது பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பெண்களின் உடல் மாறவில்லை. அவசர சிசேரியனுக்கான டாக்டர்கள் உடனடியாகக் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்று 1999-ல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் அமைப்பு சொன்னது. அந்த வசதி இல்லாத ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திவிட்டன. ஆயிரத்துக்கு ஏழில் ஒருவராக இருந்தால் எத்தனை நிமிடத்தில் கத்தி வைக்க முடியும் என்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் எல்லாமே.

ஆகவே தங்கச்சியிடம் சொன்னேன்: அந்தப் பதினோரு பேரிடமும் திரும்பப் போ. என்ன செய்யலாம் என்று கேட்காதே. நீங்க பெத்த இடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருந்தாரா, வீட்டிலிருந்து வந்தாரா? ரத்தம் உள்ளேயே இருந்ததா, வெளியே ஓடி வாங்கினீங்களா? டூட்டியில் யார் இருந்தா? கூட ஒருத்தரை உள்ளே விட்டாங்களா? ஒரே வாரத்தில் அவள் கொண்டு வந்த பட்டியல், அந்த ஆஸ்பத்திரிகளின் இணையதளங்களில் இருந்ததைவிடப் பத்து மடங்கு பயனுள்ளது. பளபளவென்று இருக்கும் ஒரு இடத்தில் மயக்க மருந்து டாக்டர் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து வர வேண்டும் என்பது அதில்தான் தெரிந்தது.

ஆவணியில் வலி தானாக வந்தது. ஒன்பது மணி நேரத்துக்குப் பின் சுகப்பிரசவம், பொண்ணு. ஆபரேஷனில் முடிந்திருந்தாலும் அவள் எடுத்த முடிவு சரியான முடிவுதான், ஏனென்றால் அவள் கதை பன்னிரண்டாவது கதை, அவ்வளவே.

நடுவில் ஒரு விஷயத்துக்கு மட்டும் அவள் ரொம்ப அலைந்தாள். முதல் ஆபரேஷனில் கர்ப்பப்பையை எப்படிக் கீறினார்கள் என்று டாக்டர் கேட்டார். வயிற்றின் மேல் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதை வைத்து உள்ளே இருப்பதும் குறுக்கு என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் வேறு வேறு. ஆபரேஷன் குறிப்பில்தான் அது இருக்கும். பீரோவில் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் மடித்துக் கிடந்த டிஸ்சார்ஜ் சம்மரியை அவள் மாமியார்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். சிசேரியன் ஆன வீடு எதுவானாலும் அந்தக் காகிதத்தை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.